விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் உளவள ஆலோசனை நிலையம் நடத்துபவரும், பேராதனைப் பக்கம் எங்கே கருத்தரங்கு நடந்தாலும் மேடையில் பெயரட்டையோடு அமர்த்தப்படுபவருமாகிய அலவத்துகொட கலாநிதி இப்திகார் அவர்களின் 'மனக்கதவு' முகநூல் பக்கத்தைத் தொடர்வோர் தொகை நாற்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. மலைநாட்டு உளவியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இந்நாளை முன்னிட்டு பஸ்கள் நிறுத்தப்படவில்லை. மகாவலி வழமையான பக்கமாகவே ஓடியது. ஆயினும் கலாநிதி அவர்கள் கேக் ஒன்று வாங்கி, வெட்டி, படம் பிடித்து, "இது என் வெற்றியல்ல, உங்கள் மனங்களின் வெற்றி" என்று எழுதிப் பதிவேற்றினார். கேக்கை அவரே சாப்பிட்டார்.

நாற்பதாயிரத்துக்கு அவரைத் தூக்கிவிட்டது ஒரு பதிவு. அதன் கதைதான் இது.

உளவியலாளரும் ஆசிரியரும் ஆய்வாளரும் சமூக ஊடகத்தைத் தொழில் கண்ணியத்தோடு பயன்படுத்துவது எப்படி என்று பயிற்சிப் பட்டறை நடத்துவதில் இப்திகாரை மிஞ்ச இந்த மாகாணத்தில் ஆளில்லை. அந்தப் பட்டறையில் ஒரு ஸ்லைட் வரும். அது வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "உங்களிடம் வந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறீர்களா? ஆணைப் பெண்ணாக்குங்கள். பட்டணத்தைத் தேயிலைத் தோட்டமாக்குங்கள். தொழிலை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், மதத்தை மாற்றுங்கள். பெற்ற தாய் வாசித்தாலும் பிள்ளையை அடையாளம் காணக் கூடாது." இந்த இடத்தில் எல்லோரும் குறிப்பெடுப்பார்கள்.

ஊருக்குச் சொன்னதைத் தானும் கடைப்பிடிக்கிற அரிய மனிதர் அவர். இங்கேதான் எல்லாம் கெட்டது.

அவரிடம் ஒரு வங்கிக்காரர் வந்துகொண்டிருந்தார். கண்டி நகரத்துக் கிளையொன்றில் நல்ல பதவி, வெள்ளைச் சட்டை, ஐவேளைத் தொழுகை. ஒரே ஒரு வருத்தம், நோய் என்றே சொல்லலாம். கூட வேலை செய்பவர்களின் சின்னச் சின்னச் சாமான்களைக் கண்டால் கை நிற்காது. கரண்டி, பேனை, ஸ்டேப்ளர், சாப்பாட்டுப் பெட்டியின் மூடி. வங்கிப் பணத்தில் ஒரு சதம் தொட்டவரில்லை. எடுத்த மூடிகளெல்லாம் வீட்டு அலுமாரிக்குள் ஒரு பெட்டியில் கிடந்தன. பெட்டிகள் வேறு, மூடிகள் வேறாக வங்கியில் பாதிப் பேர் சோற்றைப் பேப்பரால் மூடிக் கொண்டுவந்தார்கள்.

இப்திகாருக்கு இது எழுதக் கிடைத்த வரம். ஸ்லைட்டில் சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினார். ஆண் பெண்ணானார். வங்கி பாடசாலையானது. கண்டி நகரம் பன்வில பக்கத்துத் தோட்டமானது. தொழுகைக்குப் பதிலாகக் கத்தோலிக்கம். இப்படி மாற்றிய பிறகு பார்த்தால் ஆள் அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி நின்றது. கொஞ்சம் உயிர் கொடுப்போம் என்று நினைத்தார். கோயிலில் ஓர்கன் வாசிக்கிற டீச்சர் என்று எழுதினார். ஊதாக் குடை ஒன்றைக் கையில் கொடுத்தார். பேசத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கிற பழக்கத்தையும் சேர்த்தார். கடைசியில், "இது உண்மைச் சம்பவம். விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இவரைப் போன்றவர்களை வெறுக்காதீர்கள், அன்பால் அணைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்தார். முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. தன் எழுத்தை வாசித்துத் தானே கலங்குவது அவருடைய நெடுநாள் பழக்கம்.

பதிவு பறந்தது. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் அழுதார்கள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, நிலையத்தின் வரவேற்பறையில் இருக்கும் ஆஸிகா கதவைத் தட்டினாள்.

"சேர், பன்விலயில இருந்து ரெண்டு பேர் வந்தீக்காங்க. அப்பொயின்ட்மென்ட் இல்ல. பேர் கேட்டா செல்லமாட்டாங்களாம். நீங்க பாத்தா வெளங்குமாம்."

உள்ளே வந்த பெண் கதிரையில் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். போட்டுக்கொண்டு, "சேர், நான் உங்ககிட்ட எப்ப வந்தேன்?" என்று கேட்டார்.

இப்திகார் பார்வையைத் தாழ்த்தினார். அந்தப் பெண்ணின் கையில் ஊதாக் குடை. மழையில் நனைந்து அறையின் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கத்தரீனா டீச்சர். கூட வந்தவர் கணவர் சுவக்கின், தோட்டத்து ஒஃபிஸில் கிளார்க்.

"உட்காருங்கள் டீச்சர். இது வெறும் தற்செயல்..."

"கொடையும் தற்செயலா சேர்?" என்றார் சுவக்கின். "ஓர்கனும்? கண்ணாடி தொடைக்கிறதும்? நம்ம பக்கம் ஓர்கன் வாசிக்கிற டீச்சர் இவ ஒருத்திதான். எங்க கோயில்ல இருக்கிறதே ஒரு ஓர்கன்தான்."

"போன வருசம் கண்டியில டீச்சர்மாருக்கு ஒரு செமினார் வச்சீங்க," என்றார் கத்தரீனா. "நான் எழும்பி ஒரு கேள்வி கேட்டேன். கிளாஸ்ல ஒரு புள்ள பேசவே பேசாது, நான் கோயில்ல ஓர்கன் வாசிச்சா மட்டும் பக்கத்துல வந்து நிக்கும், என்ன செய்யலாம்னு. நீங்க உங்க பேஜ் லிங்க்க குடுத்தீங்க."

இப்திகாருக்கு எல்லாம் நினைவு வந்தது. நினைவு வந்ததில் மிகக் கேவலமானது இது: பதிவு எழுதும்போது அவருக்கு ஒரு தோட்டத்து டீச்சர் தேவைப்பட்டார். கற்பனை என்று நம்பி மனதுக்குள் கைவிட்டுத் துழாவினார். பிறந்ததிலிருந்து இந்த மலைகளுக்குள்ளேயே இருந்தும், கலாநிதி அவர்கள் வாழ்நாளில் பேசியிருந்த தோட்டத்து டீச்சர் ஒரே ஒருவர்தான். கைக்கு அகப்பட்டதும் அவர்தான். வங்கிக்காரரின் அடையாளத்தை மறைப்பதற்கு, கேள்வி கேட்ட பெண்ணின் உடுப்பை உருவிப் போர்த்தியிருந்தார்.

"பாடசாலையில் ஏதாவது சொன்னார்களா?" என்றார் மெல்ல. "ஏசினார்களா?"

"ஏசுனா பரவால்ல சேர், பதிலுக்கு நானும் ஏசிருவேன். அன்பா இருக்காங்க." கத்தரீனாவின் குரல் அந்தச் சொல்லில் தடுக்கியது. "நீங்கதான அணைச்சுக்கங்கன்னு எழுதிட்டீங்க. அணைக்கிறாங்க. அணைச்சிக்கிட்டே ஹேண்ட்பேக்க மறு கையால இறுக்கிக்கிறாங்க. நதீஷா டீச்சர் அவ கரண்டிய கொண்டாந்து என் கையில வச்சு, 'கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே டீச்சர்'ங்கிறா. சங்கீத அறைச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பிரின்சிபல் சேர் வாங்கிட்டாரு. எனக்குப் பாரமா இருக்குமாம்."

"கோயில்ல காணிக்கப் பை நாங்க உக்கார்ற வாங்குப் பக்கம் வந்தா ரெண்டு பேரு சேந்து புடிக்கிறாங்க," என்றார் சுவக்கின்.

"பத்தொம்பது வருசமா அந்தப் பள்ளிக்கூடத்துல நிக்கிறேன். வேற ஒன்னும் வேணாம் சேர். 'இவ என்கிட்ட வந்ததே இல்ல, இது இவ இல்ல'ன்னு உங்க பேஜ்ல ஒரு வரி எழுதுங்க. என் பேர எனக்குத் திருப்பிக் குடுங்க."

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் என்றால் எழுதியிருப்பார். ஆனால் இப்திகார் கலாநிதி.

"டீச்சர், எங்கள் ஒழுக்கக் கோவை ஒன்று இருக்கிறது. இன்னார் என்னிடம் வந்தார் என்று நான் உறுதிப்படுத்தவும் முடியாது, வரவில்லை என்று மறுக்கவும் முடியாது."

"வராத ஆளப் பத்தியுமா?" என்றார் சுவக்கின்.

"யாரைப் பற்றியும்."

"ஓ. அப்ப எழுதலாம். மறுக்க மட்டுந்தான் முடியாது."

 இருவரும் படியிறங்கினார்கள். கீழே மருந்துக்கடையில் மருந்துக்கு நின்றிருந்த ஒரு பெண், மகளைக் கத்தரீனாவிடம் படிக்க விட்டவள், ஆலோசனை நிலையத்துப் படிகளில் இறங்கி வருகிற டீச்சரை ஏறிட்டுப் பார்த்து, மிகுந்த அன்போடு சிரித்தாள்.

வீட்டில் இப்திகார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி மஸாஹிரா எதிரே இருந்து பார்த்தாள்.

"சோறா அது, சீமெந்தா? எவ்வளவு நேரம் கொழைக்கப் போறீங்க?"

அவர் சொன்னார். மனைவியிடம் தொழில் விஷயம் பேசக் கூடாது என்பதும் ஒழுக்கக் கோவையில் இருந்தது. ஆனால் தொண்டையில் சோறு இறங்காதபோது கோவை இறங்கி வழிவிட்டது. வங்கிக்காரரை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னார்.

"யா அல்லா," என்றாள் மஸாஹிரா. "பச்சப் பாவம். அந்த மனிசி ஓங்கள்ட்ட ஒரு கேள்வி கேட்ட குத்தத்துக்கா?"

அவர் அறிக்கையொன்று எழுதியிருந்தார். ஃபோனை நீட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள். "'மேற்படி பதிவில் வருபவர், பன்வில பிரதேசத்தில் ஓர்கன் வாசிக்கும் ஊதாக் குடை வைத்திருக்கும் ஆசிரியை அல்லர் என்பதை...' இஞ்சப் பாருங்க, ஓங்களுக்கு விசரா? இதுவரைக்கும் பன்வில ஆக்களுக்கு மட்டுந்தான் தெரியும். இதப் போட்டா ஜெர்மனியில ஈக்கிறவனுக்கும் அட்ரஸ் குடுத்த மாதிரி."

"அப்ப என்ன செய்ய?"

"அழிங்க. போஸ்ட்ட மொதல்ல அழிங்க."

அவர் உடனே அழிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதிவின் கீழே கொட்டிக்கிடந்த இதயங்களை ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். மஸாஹிரா பார்த்துக்கொண்டிருந்தபடியால் அழித்தார்.

திங்கட்கிழமை கத்தரீனா ஃபோன் எடுத்தார். "ஏன் சேர் அழிச்சீங்க? ஸ்டாஃப் ரூம்ல இப்ப முடிவே பண்ணிட்டாங்க. நான் கண்டிக்கு வந்து உங்க கால்ல விழுந்து அழிக்க வச்சேனாம். இல்லாட்டி ஏன் அழிக்கணும்னு கேக்கிறாங்க. கேக்கிறதுல நியாயமும் இருக்கே."

இப்திகார் யோசித்தார். ஒரே ஒரு வழிதான் மிச்சம். வங்கிக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அது ஒரு ஆண், வங்கியில் வேலை என்றாவது சொல்ல அனுமதி. அவ்வளவு போதும்.

புதன்கிழமை வங்கிக்காரர் வந்தார். வழமையாகக் குனிந்த தலையோடு வருபவர் அன்று நிமிர்ந்து வந்தார். இப்திகார் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"சேர், நீங்க ஒரு டீச்சரப் பத்தி எழுதினீங்களே. வாசிச்சிட்டு அப்பிடியே ஒறஞ்சி போய்ட்டேன். எனக்கு ஈக்கிற அதே வருத்தம்! மூடி எடுக்கிறது கூட அப்பிடியே ஈக்கி! நான் நெனச்சிட்டு ஈந்தன், இந்தத் துனியாவுல நான் ஒருத்தன்தான் இப்பிடியொரு நாய்ப் பொழப்புக்காரன் எண்டு. ஒரு டீச்சர், கோயில்ல ஓர்கன் வாசிக்கிற மனிசி, அவவுக்கும் இது ஈக்கிதெண்டா நான் கெட்டவனில்லதானே சேர்? வருத்தக்காரன்தானே?"

"ஆமாம்," என்றார் இப்திகார். "ஆனால்..."

"ரெண்டு கிழமைக்கு மேலா ஒண்டும் எடுக்கல்ல சேர். கை போகக்குள்ள அந்த டீச்சர நெனச்சிக்குவன். அவவும் இந்நேரம் இப்பிடித்தான் கைய இழுத்துக்கொண்டு ஈப்பா எண்டு. மேனேஜர்ட கண்ணாடிப் பெட்டிய மேசைக்கு மேல கண்டும் கை வைக்கல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவவுக்கு ஒரு சலாம் செல்ல ஏலுமா சேர்? பேர் வேணாம். ஒரு மனிசர் துஆ செய்றார் எண்டு மட்டும்."

பெற்ற தாய் வாசித்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவருக்கு, சம்பந்தப்பட்டவரே வாசித்தும் கண்டுபிடிக்காத அளவுக்கு அந்த வித்தை பலித்துவிட்டிருந்தது. 'அது நீங்கள்தான், டீச்சர் என்று ஒருவர் இல்லை' என்று சொல்வதற்கு இப்திகார் இரண்டு முறை வாயைத் திறந்தார். எதிரே மனிதர் பெருநாள் காலையில் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

"சொல்கிறேன்," என்றார் இப்திகார்.

அன்று மாலை ஆஸிகா போன பிறகும் அவர் எழும்பவில்லை. ஒரு பொய்யில் ஒருவர் தேறிக்கொண்டிருக்கிறார், அதே பொய்யில் இன்னொருவர் தேய்ந்துகொண்டிருக்கிறார். இரண்டும் தன் கைவேலை. குற்றவுணர்வு பற்றி அவர் ஏழு பதிவுகள் எழுதியிருக்கிறார். 'ஆழமாக மூச்செடுங்கள்' என்பது அதில் ஒன்று. எடுத்துப் பார்த்தார். மூச்சுத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பன்விலவுக்குக் காரை எடுத்தார். பாடசாலை முடிந்ததும் ஆசிரியர் கூட்டம் என்று அதிபர் சந்திரகுமார் ஃபோனில் சொல்லியிருந்தார். மலைப்பாதை முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய தியாகம். ஏனென்றால் அந்த வசனத்தில் 'நான் தவறு செய்தேன்' என்று வந்தது.

ஆசிரியர் அறையில் அவருக்கென்று மேசையில் விரிப்பும் பூவும் வைத்திருந்தார்கள். கத்தரீனா கடைசிக் கதிரையில். அவருக்கு இரு பக்கமும் இரண்டு டீச்சர்மார், அன்போடு.

இப்திகார் எழுந்தார். சுற்றிவளைக்கவில்லை என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும்.

"கத்தரீனா டீச்சர் என்னிடம் ஆலோசனைக்கு ஒருபோதும் வந்ததில்லை. நான் எழுதிய அந்த ஆசிரியை உலகத்தில் இல்லை. என்னிடம் வந்தது வேறொருவர். அவரை மறைப்பதற்காக, எப்போதோ ஒரு கருத்தரங்கில் கண்ட டீச்சரின் சாயலை அறியாமல் எடுத்துப் போட்டுவிட்டேன். நான் தவறு செய்தேன். டீச்சரிடம் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

 கத்தரீனா மூச்சை விட்டது இப்திகாருக்குக் கேட்டது.

அதிபர் சந்திரகுமார் மெல்லத் தொண்டையைச் செருமினார். "கேக்கிறேன்னு கோவிக்காதீங்க சேர். பேஜ்ல உண்மைச் சம்பவம்னு போட்டிருந்தீங்களே?"

"சம்பவம் உண்மை. ஆள் வேறு."

"அப்ப அது யாரு சேர்?"

 ஒரு ஆண், ஒரு வங்கி, இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லையும் இந்த அறையில் யாராவது ஃபோனில் எழுதிப் போட்டால், மாலைக்குள் கண்டியில் ஒருவர் தன் காலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார்.

"அதைச் சொல்ல முடியாது."

அதிபரின் முகம் மலர்ந்தது. அறை முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டது. கணித ஆசிரியர் றஜீவ் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, சாகுற வரைக்கும் சொல்லமாட்டாரு. மனுசன்னா இவருதான்யா," என்றார், எல்லோருக்கும் கேட்கிற இரகசியக் குரலில்.

"சேர்," என்று அதிபர் எழுந்தார், "தன்கிட்ட வந்த ஒருத்தரோட மானத்தக் காப்பாத்துறதுக்காக, இவ்வளவு பெரிய படிப்புப் படிச்ச ஒருத்தர் மலை ஏறி வந்து, பழியத் தன் தலையில போட்டுக்கிட்டு, நம்ம முன்னால மன்னிப்புக் கேக்கிறாரு. இதத்தான் தொழில் தர்மம்னு சொல்றது. நாங்க புரிஞ்சிக்கிட்டோம் சேர். இனி இதப் பத்தி இங்க ஒருத்தரும் வாய் தொறக்கமாட்டாங்க."

கைதட்டினார்கள்.

"இல்லை, நீங்கள் விளங்கிக்கொள்ளவில்லை..." என்றார் இப்திகார். கைதட்டல் கூடியது. "உண்மையாகவே டீச்சர் எதையும்..." நதீஷா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரீனாவின் தோளை அணைத்தாள். "என்னை நம்புங்கள்!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் இருந்த தவிப்பு, கடைசியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஓரிருவரையும் வென்றுவிட்டது.

கத்தரீனா எழுந்து அவரிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைக்கவுமில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டிருந்தார்.

"போதும் சேர்," என்றார். "நீங்க இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, நான் கூடக்கூட களவெடுத்த மாதிரி இருக்கு. டீயக் குடிச்சிட்டுப் போங்க."

இப்திகார் டீயைக் குடித்தார். தொண்டை சுட்டது. அதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்ள முயன்றார். புறப்படும்போது றஜீவ் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். "கத்தரீனா டீச்சர், சேர் பக்கத்துல வாங்க," என்று இழுத்து நிறுத்தினார்கள்.

வத்தேகம தாண்டும்போது ஃபோன் துள்ளியது. காரை ஓரமாக்கிப் பார்த்தார். பாடசாலையின் பக்கத்தில் படம் வந்திருந்தது. "தன்னை நாடி வந்தவரின் இரகசியத்தை உயிரினும் மேலாகக் காக்கும் மாமனிதர் எம் பாடசாலையில்." பெயர்கள் இணைக்கப்பட்டிருந்தன. அவருடையதும், பக்கத்தில் தலைகுனிந்து நின்ற கத்தரீனாவுடையதும்.

அதன் கீழே அவர் எழுதினார்: இது பொய். அழித்தார். 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்று எழுதினார். அதை வாசிக்கும்போதே அடக்கமாகத் தெரிந்தது, அழித்தார். 'அது ஒரு' என்று தொடங்கி, வங்கிக்காரரின் முகம் வந்து, அதையும் அழித்தார். பதிவுக்கு அதற்குள் எண்ணூறு இதயங்கள். 'மனக்கதவு' பக்கத்துக்குப் புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இப்திகார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தபோது திடுக்கிட்டு, விரல் பட்டோ, பழக்கத்திலோ, அந்தப் படத்துக்குத் தானும் ஒரு லைக் போட்டிருந்ததைக் கண்டார்.

அதை எடுத்தால் தவறாக நினைப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

கத்தரீனா டீச்சர் வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்டார். கொடுத்துவிட்டார்கள்.